முடி கொட்டுவதற்குத் தண்ணீர்தான் காரணமா? தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் சொல்லுங்கள்

பென்னாகரம்_மருமகள் | ஜூன் 4, இரவு 9:50

எனக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலை பக்கம். கல்யாணமாகிப் பென்னாகரத்துக்கு அருகில் ஒரு கிராமத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. இடுப்பு வரை இருந்த முடி, இரண்டு மாதமாகக் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. வாரினால் சீப்பு நிறைய வருகிறது. தலைக்குக் குளித்தால் தண்ணீர் போகிற ஓட்டை அடைத்துக்கொள்கிறது. பின்னல் பாதியாகிவிட்டது.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். சோப்பு நுரைக்காது, பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாகப் படியும். "உனக்கு இந்த ஊர் தண்ணி ஒத்துக்கலை" என்று மாமியார் சொல்கிறார். தலைக்குக் குளிக்க மட்டும் கேன் தண்ணீர் வாங்கலாமா என்று கணவர் கேட்கிறார். முடிக்காக டாக்டரிடம் போனேன் என்றால் இங்கே சிரிப்பார்கள். உங்களில் யாருக்காவது இப்படி வந்ததா? என்ன செய்தீர்கள்?

மொரப்பூர்_விவசாயி | ஜூன் 4, இரவு 10:15

சந்தேகமே வேண்டாம்மா, தண்ணீர்தான். நம் மாவட்டத்துத் தண்ணீரில் ஃப்ளோரைடு இருக்கிறது. எங்கள் ஊரில் என் வயதுக்காரர்கள் பல்லைப் பாருங்கள், பழுப்புக் கோடு கோடாக இருக்கும். என் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் முதுகு நிமிரவே இல்லை. எலும்பையே அப்படிச் செய்கிற தண்ணீர் முடியை விட்டுவைக்குமா?

ஓசூர்_ஷிப்ட் | ஜூன் 5, காலை 6:40

இப்போதுதான் நைட் ஷிப்ட் முடித்து வந்தேன் அக்கா. எனக்கும் இதே கவலை. வயது 26. நெற்றி இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டே போகிறது, உச்சியில் தலை தெரிகிறது. தினமும் 40 கிலோமீட்டர் ஹெல்மெட் போட்டு ஓட்டுகிறேன். அறைத் தோழர்கள் ஹெல்மெட் சூடு என்கிறார்கள், அம்மா தண்ணீர் என்கிறார்.

காவேரிப்பட்டணம்_நர்ஸம்மா | ஜூன் 5, மதியம் 2:05

பென்னாகரம் பாப்பா, கேன் தண்ணீருக்குக் காசு கொடுப்பதற்கு முன் எனக்குச் சில பதில்கள் வேண்டும். நான் டாக்டர் இல்லை. 27 வருடம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்த்தவள்.

முடி தலை முழுக்க ஒரே மாதிரி மெலிகிறதா, வகிடு மட்டும் அகலமாகிறதா, அல்லது ஓர் இடத்தில் மட்டும் காசு வட்டத்துக்குப் போகிறதா? கொட்டிய முடியில் நாலைந்தை எடுத்து வெளிச்சத்தில் பார். ஒரு முனையில் கடுகைவிடச் சின்னதாக வெள்ளைக் குமிழ் தெரிகிறதா, இல்லை இரண்டு முனையும் வெட்டியது போல இருக்கிறதா? தலையில் அரிப்பு, எரிச்சல், செதில் உண்டா?

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இது. கொட்ட ஆரம்பித்ததற்கு மூன்று மாதம் முன்னால் உன் உடம்புக்கு என்ன நடந்தது? டெங்கு, டைஃபாய்டு மாதிரி பெரிய காய்ச்சல், ஆபரேஷன், பிரசவம், சரியாகச் சாப்பிடாமல் கிடந்தது, வீட்டில் பெரிய துக்கம், எதுவாக இருந்தாலும் எழுது.

பென்னாகரம்_மருமகள் | ஜூன் 5, இரவு 9:20

அம்மா, எனக்கு ஜனவரி மூன்றாம் வாரம் பெண் குழந்தை பிறந்தது. முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும், இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவே இல்லை. பிரசவத்தில் ரத்தம் அதிகம் போய், ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள்.

முடி தலை முழுக்கத்தான் கொட்டுகிறது, வட்டம் எதுவும் இல்லை. நீங்கள் சொன்னபடி பார்த்தேன், எல்லா முடியிலும் வெள்ளைக் குமிழ் இருக்கிறது. அதைப் பார்த்ததும் வேரோடு வந்துவிட்டது, இனி முளைக்காது என்று பயந்துவிட்டேன். குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது அவள் கையில் என் முடி சுற்றிக்கொண்டு இருக்கிறது. அதைப் பிரித்து எடுக்கும்போதெல்லாம் அழுகை வருகிறது.

காவேரிப்பட்டணம்_நர்ஸம்மா | ஜூன் 5, இரவு 10:40

முதலில் ஒரு அவசரம். குழந்தையின் கை விரல், கால் விரல்களைத் தினமும் குளிப்பாட்டும்போது பிரித்துப் பார். தாயின் முடி ஒன்று விரலில் இறுக்கமாகச் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று விரல் வீங்கிச் சிவந்துவிடும். காரணம் தெரியாமல் குழந்தை வீறிட்டு அழுதால் அங்கேயும் பார்க்க வேண்டும். சுற்றியது கையால் எடுபடவில்லை என்றால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடு.

இப்போது உன் முடிக்கு வருகிறேன். அந்த வெள்ளைக் குமிழ் வேர் இல்லை. வேர் தோலுக்குள்ளேயேதான் இருக்கிறது. தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கும். ஒவ்வொன்றும் இரண்டிலிருந்து ஆறு வருடம் வளரும், பிறகு சுமார் மூன்று மாதம் ஓய்வில் கிடக்கும், அப்புறம் உதிரும். அந்த இடத்திலேயே புதுசு முளைக்கும். அதனால்தான் தினமும் 50 முதல் 100 முடி வரை விழுவது எல்லோருக்கும் இயல்பு. கர்ப்ப காலத்தில் ஹார்மோனால் நிறைய முடி வளர்ச்சியிலேயே நிற்கும், உதிராது. வயிற்றில் குழந்தை இருந்தபோது முடி அடர்த்தியாகத் தெரிந்திருக்குமே? பிரசவமானதும் அவை எல்லாம் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய், மூன்று நான்கு மாதம் கழித்து ஒன்றாக விழுகின்றன. பெரிய காய்ச்சலுக்குப் பிறகும் இப்படித்தான். கொரோனா வந்துபோன மூன்றாம் மாதம் எத்தனை பேர் பயந்துகொண்டு எங்களிடம் வந்தார்கள்! பிள்ளை பெற்றவர்களில் பெரும்பாலோருக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் முடி பழையபடி வந்துவிடும்.

ஆனால் உன் விஷயத்தில் இதோடு விட எனக்கு மனமில்லை. ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள் என்கிறாய். பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் போடச் சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருப்பார்களே, போடுகிறாயா? படி ஏறினால், குடம் தூக்கினால் மூச்சு வாங்குகிறதா? என்ன சாப்பிடுகிறாய்?

பென்னாகரம்_மருமகள் | ஜூன் 6, காலை 11:30

மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போனது, மலச்சிக்கலும் வந்தது. ஒரு மாதத்தில் நிறுத்திவிட்டேன். குடம் தூக்கினால் மூச்சு வாங்குகிறது, எழுந்தால் கண் இருட்டுகிறது. பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்றார்கள். சாப்பாடு பத்தியம்தான். குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று கீரை, பழம் கொடுப்பதில்லை. களி, ரசம் சோறு, பூண்டுக் குழம்பு. டீ நாலைந்து தடவை.

அரூர்_லேப் | ஜூன் 6, மாலை 4:10

ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன், அதனால் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன் அக்கா. ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12க்குக் கீழே போனால் ரத்தசோகை. அதோடு ஃபெரிட்டின் பார்க்கச் சொன்னால் உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று தெரியும். காய்ச்சல், வீக்கம் இருக்கிற சமயத்தில் ஃபெரிட்டின் ஏறிக் காட்டும், ஆகவே அப்போது எடுக்காதீர்கள். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்குத் தைராய்டு கெடும், டி.எஸ்.எச். பரிசோதனையும் கேளுங்கள்.

இன்னொன்று எல்லோருக்கும். முடிக்காக மெடிக்கலில் பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) மாத்திரை வாங்கிப் போடுகிறவர்கள், ரத்தம் கொடுக்க வரும்போது அதைச் சொல்லுங்கள். அதிக அளவு பயோட்டின் தைராய்டு முடிவுகளைத் தப்பாகக் காட்டும், மாரடைப்புக்குச் செய்யும் ட்ரோபோனின் பரிசோதனையையும் ஏமாற்றும். 2017இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. பயோட்டின் குறைபாடு என்பது நன்றாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அபூர்வம்.

மொரப்பூர்_விவசாயி | ஜூன் 6, இரவு 8:00

பிரசவம் ஒரு காரணமாக இருக்கட்டும். ஆனால் தண்ணீரை அப்படியே விட்டுவிட முடியுமா? என் மனைவிக்கும் மகளுக்கும் முடி கொட்டுகிறது. மூவரும் குடிப்பது ஒரே போர் தண்ணீர்.

காவேரிப்பட்டணம்_நர்ஸம்மா | ஜூன் 6, இரவு 9:35

அண்ணா, தண்ணீர் மீது உங்களுக்கு இருக்கிற கோபம் நியாயமானது. நானும் அந்தப் பல்லையும் அந்த முதுகையும் பார்த்தவள்தான். இந்த இரண்டு மாவட்டத்துக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு வந்து, 2013இல் தொடங்கப்பட்டது. குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லை என்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தரநிலை. அதற்கு மேல் போனால் பல்லையும் எலும்பையும் தாக்கும். நம் ஊரில் பல வீடுகளில் முடி கொட்டுவதற்கும் அதுதான் காரணம் என்று முடிவு செய்துவிட்டு, ரத்தசோகையையும் தைராய்டையும் வருடக்கணக்கில் கவனிக்காமல் விடுகிறோம். என் வருத்தம் அதுதான்.

கடினத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்கு விழும், வாரும்போது நடுவில் ஒடியும். ஒடிந்த முடியில் குமிழ் இருக்காது. அந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டது இதற்காகத்தான். உங்கள் மனைவி, மகள் இருவரின் முடியையும் அப்படிப் பாருங்கள். ஒடிகிறது என்றால் கடைசியாக அலசும் ஒரு சொம்பு மட்டும் மழைநீரோ கூட்டுக் குடிநீரோ இருந்தால் போதும். குமிழோடு விழுகிறது என்றால் தண்ணீரை விட்டுவிட்டு அவர்கள் ரத்தத்தைப் பாருங்கள். ஒரே வீட்டில் ஒரே சாப்பாடு சாப்பிடுகிற இரண்டு பெண்களுக்கும் ரத்தசோகை இருப்பது நம் பக்கம் சாதாரணம்.

மகாராஷ்டிராவில் புல்தானா மாவட்டத்துக் கிராமங்களில் 2024 கடைசியிலும் 2025 தொடக்கத்திலும் சில நாட்களிலேயே பலருக்கு முடி கொட்டி வழுக்கையானது நினைவிருக்கும். அங்கேயும் முதல் சந்தேகம் தண்ணீர் மேல்தான். பிறகு பாதிக்கப்பட்டவர்களின் ரத்தத்தில் செலினியம் என்கிற தாது அதிகமாக இருப்பது தெரிந்தது, சாப்பிட்ட கோதுமை மேல் சந்தேகம் திரும்பியது. ஒரே தெருவில் பலருக்கு ஒரே வாரத்தில் கொட்டினால் உடனே சுகாதார நிலையத்தில் சொல்லிவிட வேண்டும். ஒரு வீட்டில் ஒருத்திக்கு மெல்ல மெல்லக் கொட்டுவது வேறு கதை.

பாப்பா, நீ நாளையே போ. களி நல்ல சாப்பாடுதான், கேழ்வரகில் கால்சியம் நிறைய. ஆனால் இரும்புக்கு அது மட்டும் போதாது, சாப்பிட்டவுடன் குடிக்கிற டீ இருக்கிற இரும்பையும் உடம்பில் சேரவிடாது. மாத்திரை போட்டால் மலம் கறுப்பாவது இயல்பு. மலச்சிக்கல் இருந்தால் டாக்டரிடம் சொல், வேறு மாத்திரையாக மாற்றித் தருவார். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாகப் போடாதே. கீரை சாப்பிட்டால் குழந்தைக்குச் சளி பிடிக்காது என்று மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்.

ஓசூர்_ஷிப்ட் | ஜூன் 7, காலை 7:15

அம்மா, என் கேள்வியையும் கொஞ்சம் பாருங்கள்.

காவேரிப்பட்டணம்_நர்ஸம்மா | ஜூன் 7, மதியம் 1:30

மறக்கவில்லை தம்பி. ஹெல்மெட்டைக் கழற்றாதே. ஹெல்மெட்டால் வழுக்கை விழாது. வியர்வையில் ஊறினால் அரிப்பு, பொடுகு, சின்னச் சின்னக் கொப்புளம் வரலாம். உள்ளே ஒரு பருத்தித் துணி கட்டிக்கொள், உள் மெத்தையைத் துவை.

நெற்றி இரண்டு பக்கமும் ஏறுவதும் உச்சியில் மெலிவதும் ஆண்களுக்குப் பரம்பரையாக வருவது. அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் வரலாம். டி.எச்.டி. என்கிற ஹார்மோனுக்கு அந்த இடத்து முடிவேர்கள் ஒவ்வாமல், ஒவ்வொரு சுற்றிலும் முடி மெலிந்து குட்டையாகிக்கொண்டே போகும். இது நோய் இல்லை, வைத்தியம் வேண்டாம் என்று நீ முடிவு செய்தாலும் சரிதான். வைத்தியம் வேண்டுமானால் இருக்கிற முடியைக் காப்பாற்றுவதுதான் சுலபம், அதனால் சீக்கிரம் தோல் டாக்டரைப் பார். முடி வளரத் தலையில் தடவும் மினாக்ஸிடில் மருந்தைக் கொடுத்தால் முதல் சில வாரம் இன்னும் கொட்டும், பயந்து நிறுத்தாதே. பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் ஆகும், நிறுத்தினால் கிடைத்ததும் போய்விடும். டி.எச்.டி.யைக் குறைக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதே. சிலருக்கு ஆண்மை சம்பந்தமான பக்கவிளைவு வரும். கர்ப்பிணிகள் உடைந்த அந்த மாத்திரையைத் தொடவும் கூடாது.

ஊத்தங்கரை_ஆசிரியர் | ஜூன் 7, இரவு 9:00

நான் 52 வயது ஆசிரியர். எனக்கு நடந்ததை இங்கே எழுதுவது, இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்பதற்காக.

உச்சியில் ஒரு இடம் எரிந்துகொண்டே இருந்தது. கொஞ்சம் அரிப்பு. முடி விலகி, அந்தத் தோல் வழுவழுவென்று மினுமினுத்தது. வயதாகிறது என்று நினைத்தேன். ஒன்றரை வருடம் கரிசலாங்கண்ணித் தைலம், சின்ன வெங்காயச் சாறு. பிறகு பெங்களூருவில் ஒரு முடி சிகிச்சை நிலையத்தில் என் ரத்தத்தையே எடுத்து உச்சியில் ஊசி போட்டார்கள். ஆறு தடவை. ஒரு தடவைகூட லென்ஸ் வைத்துத் தோலைப் பார்க்கவில்லை. என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போனது.

கடைசியில் தோல் டாக்டர் ஒருவர் பார்த்த முதல் நிமிடமே, "இங்கே முடித்துளையே இல்லை சார், தோல் தழும்பாகிவிட்டது" என்றார். சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்ததில் லைக்கன் பிளானஸ் வகை என்று வந்தது. உடம்பின் எதிர்ப்பு சக்தியே முடிவேரை அழித்துவிடுமாம். போன இடத்தில் இனி முளைக்காது. மருந்தால் மேலும் பரவாமல் நிற்கிறது, அவ்வளவுதான். எரிச்சல் தொடங்கிய மாதமே போயிருந்தால் உள்ளங்கை அளவு போயிருக்காது.

தேன்கனிக்கோட்டை_அம்மா | ஜூன் 8, காலை 10:20

சார் எழுதியதைப் படித்துவிட்டுப் பயமாக இருக்கிறது. என் மகனுக்கு ஆறு வயது. பின்னந்தலையில் எட்டணா அளவுக்கு முடி போயிருக்கிறது. பாட்டி புழுவெட்டு என்று சொல்லிப் பூண்டு தேய்த்தார்கள். நாலே நாளில் புண்ணாகிவிட்டது. மெடிக்கலில் ஒரு ஆயின்மென்ட் கொடுத்தார்கள், தடவினால் அரிப்பு நின்றது, ஆனால் வட்டம் பெரிதாகிறது.

காவேரிப்பட்டணம்_நர்ஸம்மா | ஜூன் 8, காலை 10:55

அந்த ஆயின்மென்ட்டை இப்போதே நிறுத்து தாயி. அந்த இடம் பளபளவென்று வழுவழுப்பாக இருக்கிறதா, செதிலும் கறுப்புப் புள்ளியுமாக இருக்கிறதா? கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா? வீட்டில் பூனை, கன்றுக்குட்டி உண்டா?

தேன்கனிக்கோட்டை_அம்மா | ஜூன் 8, காலை 11:10

செதில் இருக்கிறது. முடி ஒடிந்து கறுப்புப் புள்ளியாகத் தெரிகிறது. காதுக்குப் பின்னால் நெறி கட்டியிருக்கிறது. கன்றுக்குட்டி இருக்கிறது, அதற்கும் முகத்தில் வெள்ளையாகப் பொருக்கு.

காவேரிப்பட்டணம்_நர்ஸம்மா | ஜூன் 8, காலை 11:40

அப்படியானால் இது புழுவெட்டாக இருக்க வாய்ப்புக் குறைவு, படர்தாமரை தலையில் வந்தது போலத் தெரிகிறது. டாக்டர் சுரண்டிப் பார்த்து உறுதி செய்யட்டும். கடையில் கொடுக்கிற பல ஆயின்மென்ட்டில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும். தலையில் வரும் படர்தாமரைக்கு மேலே தடவுவது மட்டும் போதாது, முடிக்குழிக்குள் போக மாத்திரையோ சிரப்போ பல வாரம் கொடுக்க வேண்டும். சீழ் கட்டி மெத்தென்று வீங்கிவிட்டால் தழும்பாகி அங்கே முடி வராமலே போகலாம். இந்த வாரமே போ. சீப்பு, துண்டு, தலையணை உறை தனியாக வை. கன்றுக்குட்டியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டு, அதுவரை பையன் அதோடு விளையாட வேண்டாம்.

புழுவெட்டு வேறு. செதில் இல்லாமல், வழவழப்பாக, காசு வைத்தது போலப் போகும். தாடியிலும் புருவத்திலும்கூட வரும். பெயரில்தான் புழு, உண்மையில் எதிர்ப்பு சக்தி முடிவேரைத் தாக்குவதால் வருவது. ஒன்றிரண்டு வட்டம் தானாகவே வளர்ந்துவிடும், அப்போதுதான் பூண்டு பெயர் வாங்கிக்கொள்கிறது. வட்டம் கூடிக்கொண்டே போனால் டாக்டர் அந்த இடத்தில் ஊசி போடுவார், தைராய்டும் பார்ப்பார்.

இதோடு இன்னும் சிலதைச் சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்களுக்கு உதவும். மாதவிலக்கு தள்ளித் தள்ளி வந்து, மோவாயில் முடி முளைத்து, வகிடு அகலமானால் மகப்பேறு டாக்டரையும் பாருங்கள். முகத்தில் சிவப்புத் தடிப்பு, மூட்டு வலி, வாய்ப்புண் இவற்றோடு முடி கொட்டினால் தள்ளிப்போடாதீர்கள். புருவத்தின் வெளிப்பக்கம் உதிர்ந்து, உடம்பில் உணர்ச்சியில்லாத வெளிர்ந்த தேமல் இருந்தால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம், முழுக்கக் குணமாகும். வலிப்பு மாத்திரை மாதிரி சில மருந்துகளாலும் கொட்டும், ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது. எந்தக் காரணமும் தெரியாமல் ஆறு மாதத்துக்கு மேல் கொட்டினாலும் போக வேண்டியதுதான். இறுக்கிப் பின்னி, கனமாகப் பூ வைத்து, நெற்றியோரம் முடி போகிற பெண் குழந்தைகளுக்குப் பின்னலைத் தளர்த்தினாலே பாதி சரியாகும்.

பென்னாகரம்_மருமகள் | ஜூன் 12, இரவு 8:45

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் வந்தோம். யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் கொஞ்சம் முடியைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தார். ஹீமோகுளோபின் 8.4. தைராய்டு சரியாக இருக்கிறது. பால் கொடுப்பதால் தலைக்கு மருந்து எதுவும் வேண்டாம், ரத்தம் ஏறட்டும் என்றார். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். மாமியாரும் கூட வந்திருந்தார். "கீரை கொடுக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டார்" என்று திரும்பி வரும்போது சந்தையில் அவரே முருங்கைக்கீரை வாங்கினார்.

தேன்கனிக்கோட்டை_அம்மா | ஜூலை 2, மாலை 5:00

பூஞ்சைதான் அம்மா. ஆறு வாரம் மாத்திரை, பாலோடு கொடுக்கச் சொன்னார்கள். மூன்று வாரம் முடிந்தது. செதில் நின்றுவிட்டது. எங்கள் எல்லோருக்கும் ஷாம்பு கொடுத்தார்கள். கன்றுக்கும் வைத்தியம் நடக்கிறது.

மொரப்பூர்_விவசாயி | ஜூலை 20, இரவு 7:30

எங்கள் போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்தேன். ஃப்ளோரைடு 2.2 வந்தது. குடிக்கவும் சமைக்கவும் இனிக் கூட்டுக் குடிநீர்தான். கொதிக்கவைத்தாலும் ஃப்ளோரைடு போகாது என்று அங்கே சொன்னார்கள், இத்தனை வருடம் கொதிக்கவைத்துக் குடித்தோம். மகள் முடியை நர்ஸம்மா சொன்னபடி வெளிச்சத்தில் பார்த்தேன், குமிழ் இருந்தது. ரத்தம் எடுத்தோம், ஹீமோகுளோபின் 9.1. மனைவிக்கு 9.8. இருவருக்கும் மாத்திரை ஆரம்பித்தாயிற்று. இரண்டு விஷயமும் தெரிந்தது நல்லதாகப் போயிற்று.

பென்னாகரம்_மருமகள் | அக்டோபர் 18, காலை 10:05

ஹீமோகுளோபின் 11.3. இன்னும் மூன்று மாதம் மாத்திரை போடச் சொல்லியிருக்கிறார்கள். நெற்றியோரம் சின்னச் சின்ன முடி குச்சி குச்சியாக நிற்கிறது, எண்ணெய் வைத்தாலும் படிவதில்லை. பின்னல் இன்னும் மெலிசுதான். மகள் இப்போது தவழ்கிறாள். மடியில் உட்கார்ந்தால் முதல் வேலை என் முடியைப் பிடித்து இழுப்பதுதான். நேற்று நன்றாக வலிக்க இழுத்தாள். விரலைப் பிரித்துப் பார்த்தேன், கையில் ஒரு முடிகூட இல்லை.